தார்ப்பாயை விட்டு நான் எழவில்லை

இந்த வருடம் சித்திரை மாதக் கடைசியில், காங்கேயத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த தேங்காய்க் களத்தில் ஒரு மத்தியான நேரம் நடந்தது இது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் செய்ததில் பிழை என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரம் பெரிய பெரிய சிமெண்ட் களமாக இருக்கும். அதில் உடைத்த தேங்காய் மூடிகள் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்கும். காய்ந்ததும் பருப்பைப் பெயர்த்தெடுத்து, மறுபடி வெயிலில் போட்டு, எண்ணெய் மில்லுக்கு அனுப்புவார்கள். நனைந்தால் போயிற்று. பருப்பு கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் வானம் இருட்டினால் எங்களுக்கு ஒரே சட்டம்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, களத்தை ஒட்டி முதலாளி எங்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் ஓடிவர வேண்டும். பலகையால் பருப்பை இழுத்துக் குமித்து, மேலே தார்ப்பாயைப் போட்டு, ஓரமெல்லாம் கல் வைக்க வேண்டும். யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. எங்களுக்கு அது ஒரு பெருமை. பக்கத்துக் களத்துக்காரர்களுக்கு முன்னால் மூடிவிட்டால் அவர்களைப் பார்த்துச் சீட்டியடிப்போம்.

அந்த ஓட்டத்தில் எப்போதும் முதல் ஆள் என் அண்ணன்.

போன வருடக் கோடையில் ஒரு நாள், லாரியில் காய் ஏற்றிவிட்டு வந்து அவன் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தான். இடி இடித்தது. நான் லைன் வீட்டு வாசலில் நின்று, "அண்ணா, மானம் இருட்டிருச்சு, சுருக்கா வா!" என்று கத்தினேன். கூப்பிட்டது நான்தான். பாதிச் சோற்றில் எழுந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்தான். நாங்கள் எல்லோரும் களத்தின் ஓரத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவன் நட்ட நடுவில் நின்று தார்ப்பாயை இழுத்தான். சுற்றி ஒரு மரம் கிடையாது, ஒரு கம்பம் கிடையாது. அந்த வெட்டவெளியில் உயரமாக நின்றது அவன் மட்டும்தான்.

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. நான் கண்ணைத் திறந்தபோது அண்ணன் பருப்புக் குமியின் மேல் சாய்ந்து கிடந்தான். தார்ப்பாயின் முனை கையிலேயே இருந்தது.

"தொட்டுப்போடாதீங்க! ஒடம்புல கரண்டு இருக்கும்!" என்று யாரோ கத்தினார்கள். யாரும் தொடவில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடிவந்த அண்ணியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி ஒரு காய்ந்த மூங்கில் கழியைக் கொண்டுவந்து அண்ணனின் காலைத் தள்ளிப் பார்த்தார். நான் நாலடி தள்ளி நின்றேன். என் கூடப் பிறந்தவன். நானும் தொடவில்லை. வண்டி வருகிற வரைக்கும் அவன் மேல் மழைதான் பட்டது.

ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கே இருந்த நர்ஸ் என் வயசுப் பெண்தான். "யாராச்சும் நெஞ்ச அமுக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். கரண்டு இருக்கும் என்று தொடவில்லை என்றேன். "இடி உழுந்தவங்க ஒடம்புல கரண்டெல்லாம் நிக்காதும்மா. உடனே தொடலாம்" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஆகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு நினைவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். ஒரு உறவுக்காரர் என் காதுபடவே, "இடி எல்லாருத்து மேலயும் உழுகறதில்ல, என்ன பாவமோ" என்றார். "எங்கண்ணன் சோத்துல இருந்து எந்திரிச்சுப் பருப்ப மூடப் போனான். அதாங்க பாவம்?" என்று கேட்டேன். வாயாடி என்று பேர் வாங்கினேன். பரவாயில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. காரியம் எல்லாவற்றுக்கும் கூடவே நின்றார். அண்ணன் போன பிறகும் அம்மா, அண்ணி, குழந்தை, நான் நாலு பேரும் அதே லைன் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்றார். ஆனால் பதினாறாம் நாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வானம் இருட்டியது. மேஸ்திரி விசில் ஊதினார். எல்லோரும் ஓடினார்கள். அண்ணியும் ஓடினாள். அண்ணன் கிடந்த இடத்தின் மேலேயே மிதித்து ஓடினார்கள். அன்று நான் ஓடவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

அப்புறம் ஒரு சர்டிபிகேட்டுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த நர்ஸைத் தேடிப் பிடித்தேன். டீ குடிக்க வெளியே வந்திருந்தாள். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று அவளைத் தொளைத்தெடுத்தேன். "இடி சத்தம் கேட்டாலே உள்ள போயிரோணும். கான்கிரீட் கட்டடம், இல்லீன்னா கண்ணாடி ஏத்துன கார். மரத்தடி ஆகாது, சுவரில்லாத தகரக் கொட்டாய் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளிய வரோணும்" என்றாள். மாட்டிக்கொண்டால் படுக்கக் கூடாதாம். பாதம் இரண்டையும் ஒட்டிவைத்துக் குத்தவைத்து உட்கார வேண்டுமாம். அதுவும் வேறு வழியே இல்லாவிட்டால்தான். யாராவது விழுந்து மூச்சு இல்லாவிட்டால் நூற்றியெட்டுக்குப் போன் போட்டுவிட்டு நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து வேகவேகமாக அமுக்க வேண்டும். டீ ஆறிப்போனது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அங்கிருந்த பெஞ்சின் மேலேயே அமுக்கிக் காட்டினாள்.

இதை நான் களத்தில் எல்லோரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். பாவம், அண்ணனை நினைத்துப் பேசுகிறாள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இந்த வருடம் அந்த நாள் காலையிலிருந்தே புழுக்கம். களம் முழுக்கப் பருப்பு. நான் களத்து ஓரத்துக் கான்கிரீட் குடோனுக்குள் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். மேற்கே ஒரு உறுமல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, இந்தத் தடவை பக்கத்தில். மேஸ்திரியின் விசில் கேட்டதும் ஆட்கள் தார்ப்பாய் எடுக்கக் குடோனைப் பார்த்து ஓடிவந்தார்கள். எங்கள் தார்ப்பாய்கள் எல்லாம் குடோன் மூலையில்தான் மடித்து அடுக்கியிருக்கும். நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. ஊசியைக் கீழே போட்டுவிட்டு அந்த அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வந்தது எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. "எந்திரி கண்ணு, வெளையாடற நேரமா இது?"

"இடி இடிக்குதுங்கக்கா. எல்லாரும் உள்ளயே இருங்க. அடங்குன பொறகு போலாம்."

"அடங்குன பொறகு போயி என்ன பண்ண? பருப்பத் தொவைச்சுக் கொடில காயப்போடறதா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் அசையவில்லை. கீழே தொங்கிய தார்ப்பாய் முனையை ஒருவர் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மேஸ்திரி உள்ளே வந்தார்.

"அம்மணி, மூணு நாள் வெயிலு வாங்குன பண்டம். நாளைக்கு மில்லுக்குப் போகோணும். மொதலாளி கேட்டா நானு என்னன்னு பதில் சொல்றது?"

"என்ற பேரச் சொல்லுங்க."

"உன்னையத் தூக்கி அக்கட்டால வெச்சுட்டு எடுக்கறதுக்கு எத்தன நேரம் ஆகும்?"

"தூக்குங்க. நான் சும்மா தூக்க உட மாட்டேன். அதுக்குள்ள மழ வந்துரும்."

அவர் தூக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. போன வருடம் கழி கொண்டுவந்த ஆள் அவர்தானே.

அப்போதுதான் கதவு வழியாக வெளியே பார்த்தேன். களத்தின் நடுவில் அண்ணி. விசில் கேட்டதும் தார்ப்பாய் எப்படியும் வந்துவிடும் என்று அவள் பலகையை எடுத்துக்கொண்டு நேராகப் போயிருக்கிறாள். ஒற்றை ஆளாகப் பருப்பை இழுத்துக் குமித்துக்கொண்டிருந்தாள். காற்றில் சேலை பறந்துகொண்டிருந்தது.

"அண்ணி! உள்ள வாங்க!"

"நெனையப் போவுது பாப்பா! தார்ப்பாய எடுத்துட்டு வரச் சொல்லு!"

வெளிச்சம் ஒன்று வெட்டியது. நான் எழுந்து ஓடிப்போய் அவளை இழுத்து வரலாம். எழுந்த மறு நிமிடம் தார்ப்பாய் கை மாறிவிடும். குடோனுக்குள் இருக்கிற பதினோரு பேரும் வெளியே போய்விடுவார்கள். எழாவிட்டால் அண்ணி அங்கேயே நிற்பாள்.

"அண்ணி, வாங்கண்ணி!"

"மொதலாளி நம்மள ஊட்டுல வெச்சிருக்காரு பாப்பா! நாமளே இப்புடிப் பண்ணுனா நல்லாருக்குமா?" என்றாள். கை நிற்கவில்லை.

அந்த வார்த்தையில் எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. முதலாளி மேலா, அண்ணி மேலா, செத்துப்போன அண்ணன் மேலா என்று தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"உங்க புள்ளைக்கு நான் ஒருத்தி பத்தாதுங்கண்ணி!"

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். பலகையை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தாள். ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை. உள்ளே வந்தவள் நேராக என்னிடம் வந்து கன்னத்தில் ஒரு அறை விட்டாள்.

"எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன். இன்னொண்ணு வேணும்னாலும் அடிங்க."

அவள் அடிக்கவில்லை. என் காலடியில் தரையில் உட்கார்ந்து, அண்ணன் போன அன்று எப்படி அழுதாளோ அப்படி அழுதாள். அதற்கப்புறம் யாரும் தார்ப்பாயைத் தொடவில்லை.

அக்கா மட்டும் கதவுப் பக்கம் போய் ஷட்டரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள். "அக்கா, இரும்புல சாயாதீங்க" என்றேன். "இதுக்கும் சட்டமா? நீயி மொதலாளியக் காட்டி மோசமா இருக்கறயே" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

மழை ஊற்றியது. களத்தில் தண்ணீர் நின்று, வெள்ளைப் பருப்பெல்லாம் மிதந்து ஓரம் ஒதுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பாடுபட்டவர்களுக்கு அதைப் பார்க்க வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. அந்தப் பருப்பில் பாதி நான் தோண்டியது.

மழை விட்டதும் எல்லோரும் எழுந்தார்கள். கடைசி இடியிலிருந்து அரை மணி என்று நான் போனில் நேரம் வைத்தேன். இருபது நிமிடம் போனதும் தூரத்தில் மறுபடி ஒரு உறுமல். "மறுக்கா மொதல்ல இருந்தா? பொழுதோட ஊட்டுக்கு உடுவியா, இல்ல இங்கயே சோறாக்கிப் போடறயா?" என்றாள் அக்கா. இந்தத் தடவை சிரித்ததில் மேஸ்திரியும் இருந்தார்.

அந்தக் காத்திருப்பில்தான் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார். "அன்னைக்குத் தொட்டிருந்தாப் பொழச்சிருப்பானா அம்மணி?"

பொய் சொல்லியிருக்கலாம். அவரும் ஒரு வருடமாகத் தூங்காத ஆள் போலத்தான் இருந்தார். "தெரியாதுங்க" என்றேன். "ஆனா தொட்டிருக்கலாமுங்க. நானும் தொடுலீங்க." அவர் தலையை ஆட்டினார். யாராவது விழுந்தால் நெஞ்சில் எங்கே கை வைக்க வேண்டும் என்று கேட்டார். சாக்கு மூட்டையின் மேல் அமுக்கிக் காட்டினேன்.

சாயங்காலம் முதலாளியின் கார் வந்தது. இறங்கிக் களத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எங்க அம்மணி உழுந்துச்சு இடி? காட்டு, பாக்கலாம்."

உண்மை. அன்று எங்கள் களத்தில் இடி விழவில்லை. பக்கத்துக் களத்தில் விழவில்லை. கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஒரு தென்னை மரம்கூடக் கருகவில்லை.

"உழுகலீங்க" என்றேன். "உழுந்திருந்தா இங்க நின்னு காட்டறதுக்கு ஆளு இருந்திருக்காதுங்க."

"பக்கத்துக் களத்துல ஓடித்தான மூடுனாங்க? அவிய எல்லாம் செத்தா போயிட்டாங்க?"

"போன வருசமும் நாலு தடவ ஓடி மூடுனமுங்க. மூணு தடவ ஒண்ணும் ஆகலீங்க."

அவர் மேஸ்திரியிடம் திரும்பி, நாளையிலிருந்து இந்தப் பெண்ணுக்கு இங்கே வேலை இல்லை என்றார். அண்ணியும் அம்மாவும் இருந்துகொள்ளட்டும் என்றார். இப்போதும் சொல்கிறேன், அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் மன்னிப்பை எதிர்பார்த்து நின்றார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேலை இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

மூன்று நாள் எல்லோரும் குனிந்து குனிந்து கறுத்த பருப்பைத் தனியாகப் பொறுக்கினார்கள். லைன் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை. ஒரு பெண், "அவங்கண்ணன் செத்தான்னு ஊரையே உள்ள போட்டுப் பூட்டுவாளாமா" என்று தண்ணிக் குழாயடியில் சொன்னாள். "ஆமாங்க, பூட்டுவேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது நான் கோயமுத்தூரில், கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் மோட்டார் சாமான்களுக்குப் பிசிறு எடுக்கிற வேலை பார்க்கிறேன். இங்கே கூரையும் சுவரும் உண்டு. இடி இடித்தால் சத்தம்கூட மெஷின் சத்தத்தில் கேட்காது.

வந்து பதினைந்து நாள் இருக்கும். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி போன் செய்தாள். பின்னால் மழைச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டன.

"பாப்பா, இங்க இடி இடிக்குது. எல்லாரும் குடோனுக்குள்ளதான் உக்காந்திருக்கோம்."

"பருப்பு?"

"காத்தாலயே மேஸ்திரி போன்ல பாத்தாரு, மழ வரும்னு போட்டிருந்துச்சு. அதனால பாதிதான் காயப்போட்டோம். மானம் இருட்டும்போதே, சத்தம் கேக்கறதுக்கு முந்தியே மூடிப்போட்டோம். ஓரமா ஒரு குமி மட்டும் மூட முடியல. இடி கேட்டுருச்சு. அப்புடியே உட்டுட்டு வந்துட்டோம்."

"மொதலாளி ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு" என்றாள் அண்ணி. "வெச்சுக்கட்டும்."

அண்ணன் போனதற்கப்புறம் அவள் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டுப் பட்டறை வாசலில் நின்று, வெகு நாளைக்கப்புறம் சத்தம் போட்டு அழுதேன். கூட வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

விழுந்த இடிக்கு யாருக்கும் வேலை போகவில்லை. விழாத இடிக்கு எனக்குப் போனது. அது நியாயமா என்று யோசித்துப் பார்த்து அலுத்துவிட்டேன். அன்றைக்கு இடி விழுந்திருந்தால் என்னைக் கும்பிட்டிருப்பார்கள். விழாததால் திட்டினார்கள். எனக்குக் கும்பிடு வேண்டாம். அந்தக் குடோனிலிருந்து அன்று சாயங்காலம் அத்தனை பேரும் என்னைத் திட்டிக்கொண்டே அவரவர் வீட்டுக்கு நடந்து போனார்கள். உயிரோடு நடந்து போனவர்கள் திட்டிய திட்டு என்பதால், அது இன்றைக்கும் என் காதுக்குள் கேட்கிறபோதெல்லாம் கேட்கட்டும் என்றுதான் இருக்கிறேன்.